சாயத்தண்ணீரும் அடுக்கு ஊக்கியும்: வன்னிக் கைத்தறி நிலையம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்பகுதி ஒன்றில் பெண்கள் சேர்ந்து நடத்தும் சிறிய கைத்தறி நிலையம் இருக்கிறது. சேலை, சாரம், மேசைவிரிப்பு நெய்கிறார்கள். நூலுக்குச் சாயம் போடுவதும் அங்கேயேதான். தோய்த்து முடிந்த தண்ணீர் கொட்டிலின் பின்பக்கம் வெட்டிய கிடங்குக்குள் போகிறது. கிடங்குக்கும் அயல் வளவுக் கிணற்றுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலியும் நாலைந்து வாழையும்தான். கோடையில் கிடங்கு வற்றி, அடியில் கறுப்பும் சிவப்புமாய்ப் படிந்து கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்தால் கிணற்றுத் தண்ணீர் மேலே வரும், கிடங்கும் நிரம்பும். அயலவர் யாரும் முறைப்பாடு கொடுக்கவில்லை. நிலையத்துப் பெண்களே எங்களைக் கேட்டார்கள், இந்தத் தண்ணீரை ஏதும் செய்யலாமா என்று.

ஆய்வுகூட வேலை தெரிந்தவன் என்ற முறையில் நானும், இரசாயனம் படிப்பிக்கும் நண்பர் ஒருவரும் இதில் இறங்கினோம். அடுக்கமைப்புக் கொண்ட கூட்டு ஊக்கி ஒன்றை, அதாவது தான் தீராமல் தாக்கத்தை விரைவாக்கும் பொருளை, வெயிலில் பயன்படுத்திச் சாயத்தை உடைக்கலாம் என்பது எங்கள் எண்ணம். இதுபற்றிய ஆய்வுக் கட்டுரைகள் உலகமெங்கும் ஏராளமாக வருகின்றன. பெரும்பாலானவற்றில் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்த ஒற்றைச் சாயம் இருக்கும், 95 வீதம் நிறம் போயிற்று என்ற முடிவும் இருக்கும். வன்னியில் ஒரு கொட்டிலின் பின்பக்கத்துத் தண்ணீரில் அதே ஊக்கி என்ன செய்கிறது என்பதுதான் இங்கே சொல்லப்படுகிறது.

இது பெரிய தொழிற்சாலைப் பிரச்சினை அல்ல. போருக்குப் பிறகு வன்னிக்கு வந்த ஆடைத் தொழிற்சாலைகளில் நடப்பது பெரும்பாலும் வெட்டும் தையலும்தான். துணி சாயமேறித்தான் வருகிறது. இங்கே சாயத்தண்ணீர் பிறப்பது கைத்தறிக் கொட்டில்களிலும் பத்திக் வேலை நடக்கும் வீடுகளிலும் பனையோலைக்கு நிறம் காய்ச்சும் அடுப்படிகளிலும். அளவு சிறிதுதான். ஆனால் அது போய்ச் சேரும் இடம் குடிக்கிற கிணற்றுக்குப் பக்கத்து மண். வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் கடினப் பாறை. அதன் மேலுள்ள சிதைந்த மண்படைக்குள் நிற்கிற ஆழமில்லாத தண்ணீரைத்தான் கிணறுகள் எடுக்கின்றன. ஆற்றில் விட்டு அடித்துக்கொண்டு போகிற கதை இங்கே இல்லை, விட்ட இடத்திலேயே நிற்கும். அப்படி நின்றால் எங்கே போய் முடியும் என்பதைத் திருப்பூர் பெரிய அளவில் காட்டியது. நொய்யல் ஆற்றுத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவாய்த் தேங்கி, கீழே வயல்கள் கெட்டு, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. அங்கேயும் நிறத்தைவிட உப்புத்தான் மண்ணை அதிகம் கெடுத்தது. இந்த ஆய்வு முழுவதிலும் அந்த உப்பு குறுக்கே வந்துகொண்டே இருந்தது.

தொட்டிக்குள் இருப்பது

நிலையத்தில் பாவிப்பது பருத்திக்கான ரியாக்டிவ் சாயம், குளிர்ந்த தண்ணீரிலேயே பிடிக்கிற வகை. சாயத்தை நூலோடு நெருங்க வைக்க உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் லீற்றருக்கு 60 கிராம் வரை போடுவார்கள். பிறகு நாருடன் பிணைப்பு உண்டாக சலவைச் சோடா, லீற்றருக்கு 10 முதல் 20 கிராம். சோடா விழுந்ததும் சாயமூலக்கூறுகளில் ஒரு பகுதி நாரோடு சேரும். ஒரு பகுதி தண்ணீரோடு தாக்கம் புரிந்து வீணாய்ப் போகும். வீணாகும் பங்கு சாயத்தையும் கைப்பக்குவத்தையும் பொறுத்து 10 வீதத்திலிருந்து 40 வீதம் வரை இருக்கும்.

ஒரு கிலோ நூலுக்கு 20 கிராம் சாயம், 20 லீற்றர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். நாலில் ஒரு பங்கு வீணானால் 5 கிராம் தண்ணீரில் நிற்கும், அதாவது லீற்றருக்கு 250 மில்லிகிராம். அதே வாளிக்குள் உப்பு 1.2 கிலோ. சாயத்தைப் போல 240 மடங்கு உப்பு. சோடாவால் பீ.எச், அதாவது அமில கார அளவு, 10க்கு மேலே நிற்கும்; 7 என்றால் நடுநிலை. எந்த ஊக்கியாக இருந்தாலும் இதற்குள் இறங்கித்தான் வேலை செய்ய வேண்டும்.

இலங்கையில் கழிவுநீரின் நிறத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் 2008ஆம் ஆண்டு விதிகளில் எல்லை உண்டு. 436, 525, 620 நனோமீற்றர் ஆகிய மூன்று அலைநீளங்களில் ஒரு மீற்றர் தண்ணீருக்கான ஒளி உறிஞ்சல் முறையே 7, 5, 3ஐத் தாண்டக்கூடாது. கறுப்புச் சாயத்தொட்டி 620இல் பல நூறு காட்டும். 400 என்று வைத்துக்கொண்டால், 95 வீதம் போன பிறகும் எஞ்சுவது 20, எல்லையோ 3. கட்டுரைகளில் வெற்றியாக எழுதப்படும் அந்த 95 இந்த விதிக்கு முன்னால் தோல்விதான். 99க்கு மேல் போக வேண்டும்.

அடுக்குகள் எதற்கு

ஒளியூக்கியின், அதாவது ஒளி பட்டால் வேலை செய்யும் ஊக்கியின் கதை 1972இல் புஜிஷிமாவும் ஹொண்டாவும் டைட்டேனியம் ஈரொட்சைட்டின் மேல் ஒளி பட்டுத் தண்ணீர் பிரிவதைக் காட்டியதிலிருந்து சூடு பிடித்தது. ஒளி ஒரு இலத்திரனை மேலே தூக்கும், அது இருந்த இடம் துளையாகும். இலத்திரன் ஒட்சிசனோடு சேர்ந்தும், துளை தண்ணீரோடோ நேரே சாயத்தோடோ சேர்ந்தும் மூலக்கூறை உடைக்கும். டைட்டேனியம் ஈரொட்சைட்டுக்கு 387 நனோமீற்றருக்குக் குறைந்த ஒளிதான் உதவும். வெயிலில் அது ஏறத்தாழ 4, 5 வீதம் மட்டுமே. மற்றது, தூக்கிய இலத்திரன் பெரும்பாலும் எதையும் செய்யாமல் திரும்பவும் துளைக்குள்ளேயே விழுந்துவிடும்.

இந்த இரண்டு குறைக்கும் ஒரு மருந்துதான் அடுக்குகளைச் சேர்த்துக் கட்டுவது. நாங்கள் எடுத்தது இரண்டு பொருள். ஒன்று காபன் நைத்திரைட்டு. யூரியாவை மூடிய புடக்குகையில் 550 பாகை செல்சியசில் வைத்தால் அமோனியா வெளியேறி, அடியில் இளமஞ்சள் நிறத்தில் பஞ்சு மாதிரித் தூள் எஞ்சும். வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான். 2009இல் இதன் ஒளியூக்கித் தன்மை வெளியானபோது பலர் இதன் பக்கம் திரும்பியதற்குக் காரணம், 460 நனோமீற்றர் வரையான, கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் இது பயன்படுத்தும் என்பதுதான். நூறு கிராம் யூரியா போட்டால் கையில் வருவது சில கிராம்தான். அமோனியாப் புகை கண்ணைக் கரிக்கும், புகைபோக்கி இல்லாத இடத்தில் யாரும் செய்து பார்க்கக்கூடாது.

மற்றது மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த அடுக்கு இரட்டை ஐதரொட்சைட்டு. பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து அடுக்கியது போன்ற அமைப்பு. ஒவ்வொரு தகட்டிலும் நேர் ஏற்றம் இருக்கும். அதைச் சரிக்கட்ட, தகடுகளுக்கு நடுவே எதிர் ஏற்றமுள்ள அயன்கள் குந்தியிருக்கும். ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகடு வரை முக்கால் நனோமீற்றர் அளவு. ரியாக்டிவ் சாயங்களில் சல்போனேற்றுக் கூட்டங்கள் இருப்பதால் அவையும் எதிர் ஏற்றமுள்ளவை. ஆகவே இந்த அடுக்கு அவற்றைத் தன்பக்கம் இழுக்கும்.

மக்னீசியத்துக்கு வெளியே ஓட வேண்டியதில்லை. ஆனையிறவில் உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீர் மக்னீசியம் நிறைந்தது. முதலில் ஆய்வுகூட உப்பில் செய்துவிட்டு, பிறகு அந்தக் கசப்புத் தண்ணீரிலும் செய்தோம். அலுமினியத்துக்குச் சீனக்காரம். இரண்டையும் மக்னீசியம் மூன்று பங்கு, அலுமினியம் ஒரு பங்கு என்ற கணக்கில் கலந்து, பீ.எச் 10ஐ விட்டு இறங்காமல் காரத்தோடு துளித்துளியாய் விட்டுக் கலக்கினால் வெள்ளைக் கஞ்சியாகத் திரளும். இளஞ்சூட்டில் ஒரு இரவு வைத்து, சுவைத்துப் பார்க்க உப்புக் கரிக்காமல் போகும் வரைக்கும் கழுவ வேண்டும் என்று எழுத ஆசைதான், ஆனால் ஆய்வுகூடத்தில் எதையும் நாக்கில் வைக்கக்கூடாது. வெள்ளி நைத்திரேற்றுத் துளி விட்டுக் குளோரைட்டு தெரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கசப்புத் தண்ணீரிலும் சீனக்காரத்திலும் சல்பேற்று நிறைய உண்டு. அது தகடுகளின் நடுவே இடம்பிடித்துக்கொள்வதால் உள்ளூர்ப் பொருளில் செய்தது சாயத்தைக் கொஞ்சம் குறைவாகவே இழுத்தது. இலவசமாய்க் கிடைப்பதன் விலை அது.

இரண்டையும் சேர்க்கிற கட்டம் பார்க்க வேண்டிய ஒன்று. காபன் நைத்திரைட்டு தண்ணீரில் இளமஞ்சளாய்க் கலங்கி, மணிக்கணக்கில் அடையாமல் மிதக்கும். சாதாரணத் தண்ணீரில் அதன் மேற்பரப்பு எதிர் ஏற்றம். அதற்குள் வெள்ளைக் கஞ்சியை மெல்ல ஊற்றிக் கலக்கினால் சில நிமிடத்தில் திரிதிரியாகக் கூடி அடியில் இறங்கும்; மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். ஏற்றம் மாறிய இரண்டு தகடுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டதன் அடையாளம் அது. இந்தப் பிடிப்பு இரண்டு விதத்தில் உதவுகிறது. அடுக்கு சாயத்தைப் பிடித்து வைத்திருக்க, பக்கத்துத் தகடு அதை உடைக்கிறது. அத்தோடு, தனியே விட்டால் அடையாத நுண்தூள் இப்போது அடைகிறது, துணியால் வடித்து எடுக்கலாம். கொட்டிலில் வேலை செய்யும் ஒருவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். வேகமாய்ச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் மையநீக்கி இல்லாத இடத்தில் திரும்ப எடுக்க முடியாத ஊக்கியை ஊக்கி என்று சொல்ல முடியாது, அதுவும் ஒரு கழிவு.

டைட்டேனியம் ஈரொட்சைட்டைக் கொஞ்சம் சேர்த்தால் நல்லதென்று நண்பர் சொன்னார், அது சரியும்கூட. காபன் நைத்திரைட்டின் துளைக்குத் தண்ணீரிலிருந்து ஐதரொட்சில் மூலிகம், அதாவது சாயத்தை உடைக்கும் மிக வீரியமான துண்டு, உண்டாக்கும் அளவு வலு இல்லை, டைட்டேனியத்தின் துளைக்கு உண்டு. சுவர்ப் பெயின்றில் போடுகிற வெள்ளைத் தூளை வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். அது உதவாது. பெயின்ற் வெயிலில் உதிராமல் இருக்க அந்தத் தூளின் மேல் வேறு ஒட்சைட்டுப் பூச்சுப் பூசி, ஒளியூக்கித் தன்மையை வேண்டுமென்றே அடக்கித்தான் விற்கிறார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து கொக்கிளாய், புல்மோட்டை வரை இல்மனைற்றுக் கறுப்பு மணல் கிடக்கிறது, அதற்குள் இருப்பதும் டைட்டேனியம்தான். அந்த டைட்டேனியத்தை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் ஆலை நாட்டில் இல்லாமல் மணல் மணலாகவே கப்பலேறுவது எனக்கு ஆறாத மனக்குறை.

பிடித்ததா, உடைத்ததா

இந்த ஆய்வின் நடுப்புள்ளி இதுதான். இதை விளக்க முருங்கன் களிமண்ணைக் கொண்டுவந்தோம். மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர்களுக்கு அந்த மண்ணைத் தெரியும்: மாரியில் காலை விடாது, கோடையில் கை போகிற அளவு வெடிக்கும். அதுவும் அடுக்கமைப்புக் கொண்ட களிதான், ஆனால் தகடுகளில் எதிர் ஏற்றம். பாடசாலை ஆய்வுகூடங்களில் இருக்கிற மெதிலீன் நீலத்தை எடுத்து, ஒரு சிட்டிகை களியைப் போட்டுக் கலக்கி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பளிங்கு மாதிரித் தெளிந்தது. களி கருநீலமாக அடியில் கிடந்தது.

நிலையத்தை நடத்தும் அக்கா போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுவே காணும்தானே தம்பி? தண்ணி வெளிச்சிட்டுது."

"சாயம் எங்க அக்கா போனது?"

"அடியில கிடக்குது."

"அதை எங்க கொட்டுவீங்க?"

அவர் கிடங்குப் பக்கம் பார்த்தார். அவ்வளவுதான், மேற்கொண்டு விளக்கத் தேவைப்படவில்லை. அங்கே ஒளியும் இல்லை, உடைவும் இல்லை; சாயம் தண்ணீரிலிருந்து மண்ணுக்கு இடம் மாறியிருந்தது. நிறமானியில் போட்டால் மிக உயர்ந்த வீதம் காட்டியிருக்கும்.

மெதிலீன் நீலத்தை அதற்குமேல் நாங்கள் நம்பவில்லை. அது நேர் ஏற்றச் சாயம், நிலையத்தில் பாவிப்பது எதிர் ஏற்றச் சாயம். ஒன்றில் கிடைத்த முடிவு மற்றதுக்குப் பொருந்தாது. இன்னொன்றும் உண்டு. மூடிய போத்தலில், ஒட்சிசன் குறைந்த நிலையில், வெயிலில் வைத்தால் மெதிலீன் நீலம் உடையாமலே நிறமற்ற வடிவத்துக்குத் தாழ்த்தப்படலாம். மூடியைத் திறந்து குலுக்கினால் காற்றுப்பட்டு நீலம் திரும்ப எட்டிப் பார்க்கும். பார்த்தவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது, எனக்கு அது மிக நல்ல பாடமாகப் பட்டது. பனையோலைக்குக் காய்ச்சும் சாயங்களில் பல நேர் ஏற்ற வகை. அவற்றுக்கு முருங்கன் களிமேல் கட்டிய கூட்டு ஊக்கி பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது தனி வேலை.

உண்மையான சாயத்துக்கு மூன்று பாத்திரம் வைத்தோம். ஒன்றில் ஊக்கியும் சாயத்தண்ணீரும், ஆனால் இருட்டில். இரண்டாவதில் சாயத்தண்ணீர் மட்டும், வெயிலில். மூன்றாவதில் ஊக்கியோடு வெயிலில். மூன்றாவதைக்கூட முதல் அரை மணித்தியாலம் இருட்டில் வைத்து, பிடிக்க வேண்டியதைப் பிடித்து முடிந்த பிறகே வெயிலில் எடுத்தோம். இருட்டுப் பாத்திரத்திலும் நிறம் நன்றாகவே குறைந்தது. அடுக்கு சாயத்தை இழுக்கும் என்பதால் அது எதிர்பார்த்ததுதான்.

பிறகு, வடித்த திண்மத்தைச் சோடாக் கரைசலில் கழுவிப் பார்த்தோம். இந்த அடுக்குகளுக்குக் காபனேற்று அயன்மேல் எல்லாவற்றையும்விட அதிகப் பிடிப்பு. சோடா உள்ளே வந்தால் சாயம் எழும்பி இடம்விட வேண்டியதுதான். இருட்டில் இருந்த திண்மத்தைக் கழுவியபோது சோடாத் தண்ணீர் சிவந்து ஓடியது. வெயிலில் இருந்ததைக் கழுவியபோது வெளிறிய சாயல் மட்டும்தான். ஆக, வெயிலில் உண்மையிலேயே உடைவு நடந்திருக்கிறது. விலைகூடிய கருவி எதுவும் வேண்டாம், கொட்டில் அலுமாரியிலேயே இருக்கிற சோடாவும் ஒரு வெள்ளைக் கோப்பையும் போதும். இனிமேல் யார் என்னிடம் நிறம் போயிற்று என்று சொன்னாலும் முதலில் இந்தச் சோதனையைத்தான் கேட்பேன்.

வெயிலும் ஆழமும்

ஊக்கியை வாளிக்குள் போட்டு வெயிலில் வைத்தால் பலனில்லை. அடர்ந்த கறுப்புச் சாயம் ஒளியின் பெரும்பகுதியை மேலிருந்து ஒரு சில மில்லிமீற்றருக்குள்ளேயே விழுங்கிவிடும். அதற்குக் கீழே ஊக்கி இருட்டில்தான் கிடக்கும். அகன்ற ஆழமில்லாத தட்டங்களில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு ஊற்றி, மீன்தொட்டிக்குப் பாவிக்கும் சின்னக் காற்றுப்பம்பியால் குமிழி விட்டோம். குமிழி தண்ணீரைக் கலக்கும், ஒட்சிசனும் கொடுக்கும். இந்த ஊக்கியில் இலத்திரனை வாங்கிக்கொள்ள ஒட்சிசன் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். மாசியிலிருந்து புரட்டாதி வரை வன்னி வெயிலுக்குக் குறைவில்லை. மாரியில்தான் சிக்கல், கிடங்கு நிரம்புகிற அதே காலத்தில் வெயிலும் மங்கிவிடும்.

உப்பும் சோடாவும்

முதலாம் தோய்ப்புத் தொட்டித் தண்ணீரை அப்படியே தட்டத்தில் ஊற்றியபோது ஊக்கி ஏறத்தாழ ஒன்றுமே செய்யவில்லை. இருட்டில்கூடச் சாயத்தைப் பிடிக்கவில்லை. காரணம் மேலே சொன்னதுதான்: சோடாவின் காபனேற்று தகடுகளுக்கு நடுவே முந்திப் போய்க் குந்திக்கொள்கிறது. தகட்டின் மேற்பரப்பிலும் பீ.எச் ஏறியதால் இழுவை குறைகிறது. தப்பித்தவறி உண்டாகும் மூலிகங்களையும் காபனேற்று விழுங்குகிறது. ஐதரொட்சில் மூலிகத்தோடு அது இருகாபனேற்றைவிட ஏறத்தாழ 45 மடங்கு வேகமாகத் தாக்கம் புரியும். வன்னியின் சுண்ணக்கல் ஓரப் பகுதிகளில் கிணற்றுத் தண்ணீரே கடினமானது என்பதால், அங்கே அலசல் தண்ணீரிலும் இந்த இருகாபனேற்றுத் தொல்லை இருக்கும்.

அமிலம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவந்து, காற்றடித்துக் காபனீரொட்சைட்டைப் போக்கினால் நிலைமை மாறுகிறது. சாயவேலையில் வழக்கமாக அசற்றிக் அமிலம், அதாவது வினாகிரிதான் கைக்கு வரும். ஆனால் அதுவும் சேதனப் பொருள். ஒரு கிராம் அசற்றிக் அமிலம் ஏறத்தாழ ஒரு கிராம் ஒட்சிசன் தேவையை, அதாவது தண்ணீரிலுள்ள சேதனப் பொருளை முழுதும் ஒட்சியேற்ற வேண்டிய ஒட்சிசன் அளவைக் கூட்டும், உடைக்க வேண்டிய பட்டியலில் தானும் வந்து சேரும். ஐதரோகுளோரிக் அமிலத்தை நன்றாக ஐதாக்கிப் பாவித்தோம். நடுநிலையில் குளோரைட்டு மூலிகங்களைப் பிடித்தாலும் திரும்ப விட்டுவிடும், அதனால் பாதிப்புக் குறைவு. பீ.எச் 4க்குக் கீழே இறங்கவே கூடாது; இறங்கினால் அடுக்கே கரைந்து அலுமினியம் தண்ணீருக்குள் வரும். பின்பு கிணற்றுக்குச் சாயத்துக்குப் பதிலாக அலுமினியத்தை அனுப்பிய கதையாகிவிடும்.

நடுநிலையாக்கிய பிறகும் தொட்டித் தண்ணீரில் 60 கிராம் உப்பு இருக்கத்தான் செய்கிறது. ஊக்கி உப்பை ஒன்றும் செய்யாது. சாயம் முழுதும் போனாலும் அந்தத் தண்ணீர் வாழைக்கும் ஆகாது, கிணற்றுக்கும் ஆகாது. அளப்பதற்குக்கூட உப்பு விடவில்லை. இரசாயன ஒட்சிசன் தேவையை இருகுரோமேற்றால் காய்ச்சி அளக்கிறபோது குளோரைட்டும் சேர்ந்து ஒட்சியேறிப் பொய்க் கணக்குக் காட்டும். லீற்றருக்கு 2000 மில்லிகிராம் குளோரைட்டு வரை இரச சல்பேற்றுப் போட்டுச் சமாளிக்கலாம். இந்தத் தொட்டியில் இருப்பதோ 36,000. அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எழுதக்கூடாது என்று விட்டுவிட்டோம்.

அலசல் தண்ணீரில் கதை வேறு. தோய்த்த நூலை இரண்டாவது, மூன்றாவது முறை அலசும் தண்ணீரில் உப்பும் சோடாவும் பலமடங்கு குறைவு, சாயமும் ஐது, ஒளியும் உள்ளே போகிறது. அங்கேதான் இந்த ஊக்கி நன்றாக வேலை செய்தது. சிவப்பு அலசல் மத்தியான வெயிலுக்குள் வெளிறிப் பின்னேரம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. கறுப்புக்கு இன்னும் நேரம் எடுத்தது. அளவில் பார்த்தால் நிலையத்தின் தண்ணீரில் அதிகம் இந்த அலசல்தான்.

நிறம் போன பிறகு

அசோச் சாயத்தின் நிறம் இரண்டு நைதரசனுக்கு நடுவிலுள்ள பிணைப்பில் தங்கியிருக்கிறது. அது அறுந்த உடனே நிறம் போய்விடும். மூலக்கூறின் மீதி அரோமற்றிக் துண்டுகளாய் அங்கேயே நிற்கும். சில சாயங்களின் துண்டுகள் மூலச்சாயத்தைவிட மோசமானவை. கண் தெளிந்த தண்ணீரைக் காட்டும், அதற்குள் இருப்பதைக் காட்டாது. மொத்தச் சேதனக் காபனை அளக்கும் கருவி இருந்தால் விடை கையில். அது இல்லாதபோது நாங்கள் பயறை முளைக்க வைத்தோம்.

ஈரத்தாளில் பயறு பரப்பி, ஒரு பங்குக்குச் சாய அலசல், ஒன்றுக்கு நிறம் போன உடனே எடுத்த தண்ணீர், ஒன்றுக்கு அதன் பிறகும் வெயிலில் வைத்த தண்ணீர், இன்னொன்றுக்கு வெறும் கிணற்றுத் தண்ணீரில் அதே அளவு உப்புப் போட்டது. கடைசியது இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்குப் பெறுமதி இல்லை, உப்பே வேரைக் குறுக்கும். நிறம் போன உடனே எடுத்த தண்ணீரில் வேர்கள் கட்டையாய் நின்றன. மேலும் வெயில் பட்டதில், உப்புத் தண்ணீர்ப் பயறுக்குக் கிட்டத்தட்டச் சமமாக நீண்டன. ஆகவே நிறம் போன நேரத்தில் நிறுத்தாமல், அதற்குப் பிறகும் வெயிலில் விட வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைப் பயறு சொல்லட்டும். ஒவ்வொரு சாயத்துக்கும் அது வேறு.

இதற்குள் ஒரு எச்சரிக்கை. கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைக் கிடங்குக்குள் கொட்டினால் நிறம் உடனே போகும். செய்பவர்கள் இருக்கிறார்கள். அது சாயத் துண்டுகளோடு குளோரீனைச் சேர்த்து, இன்னும் அழியாத பொருள்களை உண்டாக்கும். மலிவு, வேகம், கண்ணுக்குத் திருப்தி எல்லாம் இருப்பதால்தான் அது ஆபத்து.

எஞ்சும் சேறு

பலமுறை பாவித்த ஊக்கி சோம்பிப் போகும். சோடாவில் கழுவினால் சாயம் அடர்த்தியாய் வெளியே வரும், அது திரும்பவும் ஒரு கழிவு. 450, 500 பாகையில் சுட்டால் ஒட்டிய சாயம் எரிந்து, அடுக்கும் ஒட்சைட்டாக மாறும். பிறகு தண்ணீரில் போட்டால் பழைய அடுக்கமைப்பு மீளும். இந்த நினைவாற்றல்தான் இந்த வகை ஐதரொட்சைட்டின் பெரிய சொத்து. சூட்டை 600க்குக் கிட்டக் கொண்டுபோனால் காபன் நைத்திரைட்டு எரிந்து தீரத் தொடங்கும். இந்தச் சூளை நிலையத்தில் இல்லை. பாவித்த தூளைக் காயவைத்து மூடிய கொள்கலத்தில் சேர்த்து, உலை உள்ள ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

இந்த ஊக்கி சிரட்டைக்கரியைவிட மலிவல்ல. நாட்டில் நல்ல சிரட்டைக்கரி தாராளமாகக் கிடைக்கும்போது இதற்கு ஏன் மினக்கெட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. கரி சாயத்தைப் பிடிக்கும், உடைக்காது. கரி நிறைந்ததும் அதை எடுத்துப்போய் எரிக்க ஒழுங்கான வழி இருந்தால் கரியே போதும் என்பேன். அந்த வழி இல்லாத கொட்டில்களில் கரி கடைசியில் அதே கிடங்குக்குள்தான் விழும். அங்கே, பிடித்த இடத்திலேயே வெயிலால் உடைக்கும் பொருளுக்கு மதிப்பு உண்டு.

நிலையத்தில் இப்போது இரண்டு வழியாகத் தண்ணீர் பிரிகிறது. முதலாம் தொட்டியின் உப்புத் தண்ணீர் தகரக் கூரையின் கீழ், சீமெந்து பூசிய ஆழமில்லாத தொட்டியில் தனியே வற்றுகிறது. மழைநீர் அதற்குள் விழாது, மண்ணுக்கும் போகாது. வற்றி எஞ்சும் சாய உப்பை மூட்டையில் கட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குப் போக்கிடம் இன்னும் தேட வேண்டும். அடர்ந்த நிறங்களுக்கு உப்பை லீற்றருக்கு எவ்வளவு வரை குறைக்கலாம், அப்போதும் நிறம் பிடிக்குமா என்று சின்னச் சின்னக் கழிநூலில் போட்டுப் பார்க்கிறார்கள், அந்த வேலையை அவர்களே தொடங்கினார்கள். அலசல் தண்ணீர் நடுநிலையாக்கித் தட்டங்களுக்குப் போகிறது. பழைய கிடங்கை அடிமண்ணோடு அகழ்ந்து எடுப்பதற்கு முன், அயல் கிணற்றுத் தண்ணீரை மழைக்கு முன்னும் பின்னும் எடுத்து அளக்க வேண்டியிருக்கிறது. மின்கடத்துதிறன் ஒன்றை மட்டும் அளந்தாலே கிடங்கு உப்பு கிணற்றுக்குப் போகிறதா என்று தெரியும், அதற்கான கருவி கைக்குள் அடங்கும்.